ஊர்பேர் தெரியாத எண்கள்

போன ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம். சிங்கப்பூரின் தெம்பனிஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காயப்போட்ட துணியை மூங்கில் கழியோடு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தபோது ஒரு வாட்ஸ்அப்.

"அக்கா, ஒரு டவுட். கோட்ல 1.486னு ஒரு நம்பர் இருக்கு. ஏன்னு எங்கேயும் எழுதல. நாம மீட்டர்லதானே இன்புட் வாங்குறோம், இது எதுக்குன்னு எடுத்துட்டேன். டெஸ்ட் எல்லாம் பாஸ். புல் ரிக்வெஸ்ட் போட்டிருக்கேன்."

புல் ரிக்வெஸ்ட் என்றால், 'என் திருத்தத்தை நிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற விண்ணப்பம். துணியைச் சோபாவில் போட்டுவிட்டு உடனே தட்டினேன்: "தம்பி, அதை இப்போதைக்கு மூடி வை. அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுறேன்."

அவன் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். விடுமுறையில் ஏதாவது திறமூல மென்பொருளுக்கு, அதாவது யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளுக்கு, பங்களிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். நான்தான் எங்கள் மென்பொருளுக்குள் இழுத்துவிட்டேன். மழை பெய்தால் சாலையில் விழும் தண்ணீர் எந்த வடிகாலில் இறங்கும், எந்தக் கால்வாயில் எவ்வளவு உயரத்துக்கு எழும், எங்கே கரை தாண்டும் என்று கணக்கிடுகிற மென்பொருள் அது. இந்த ஊர் ஆட்கள் 'லோங்காங்' என்று சொல்லும் திறந்த வடிகால் முதல், கடலுக்குப் போகும் பெரிய கால்வாய்வரை எல்லாம் அதில் அடக்கம். பெயரைச் சொல்லப் போவதில்லை. அதைக் குறை சொல்லப் போகிறேன், பாதிக் குறை என்னுடையது.

பகலில் நான் வேறொரு அலுவலகத்தில் வேறொரு நிரல் எழுதுகிறேன். இது இரவு வேலை. வியாழன் இரவு 10 மணிக்குக் கூட்டம். அப்போது ஐரோப்பாவில் மாலை 4, அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 10. அவர்கள் குளிர்காலக் கடிகாரத்துக்கு மாறியதும் எனக்கு அது 11 மணி ஆகிவிடும். குழுவில் என் பொறுப்பு, நிரல் எழுதுபவர்களுக்கான ஆவணம். ஆகவே 1.486க்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

அந்த எண்ணின் கதை இதுதான். 1889இல் ராபர்ட் மேனிங் என்ற அயர்லாந்துப் பொறியாளர் ஒரு சூத்திரத்தை முன்வைத்தார். கால்வாயின் குறுக்குப் பரப்பு, தண்ணீர் தொட்டு நனைக்கும் சுற்றளவு, தரையின் சரிவு, சுவரின் சொரசொரப்பு, இந்த நான்கும் தெரிந்தால் நொடிக்கு எவ்வளவு நீர் ஓடும் என்று சொல்லிவிடலாம். நீளங்களை மீட்டரில் போட்டால் சூத்திரத்துக்கு முன்னால் எந்த எண்ணும் வேண்டாம். அடிக்கணக்கில் போட்டால் 1.486ஆல் பெருக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு 3.2808 அடி, அதன் கனமூலம் 1.486. அவ்வளவுதான். மாயம் ஒன்றும் இல்லை.

ஆனால் நாங்கள் மீட்டரில் அல்லவா வாங்குகிறோம்? தம்பியின் கேள்வி நியாயமானது. எங்கள் மென்பொருளின் கணக்குப் பகுதி 1970களில் அமெரிக்காவில் ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய நிரலின் வழிவந்தது. பயனர் மீட்டரில் கொடுப்பார், உள்ளே நுழைந்ததும் அது அடியாக மாறும், கணக்கு முழுவதும் அடியில் நடக்கும், வெளியே வரும்போது மறுபடி மீட்டர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், திரும்பும்போது மாட்டிக்கொள்வதுபோல. எங்களுக்கு மட்டும் உள்ள பழக்கமும் இல்லை. இந்தத் துறையின் பெரியண்ணன் ஸ்விம், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மழைநீர் மென்பொருள், 1971இல் பிறந்தது. இன்றைய பதிப்பும் உள்ளுக்குள் அடியில்தான் கணக்குப் போடுகிறது. உள்ளே அடி என்பது தெரியாமல் 1.486ஐ எடுத்தால் எல்லாக் கால்வாய்களின் கொள்திறனும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கணினியில் ஊரே மூழ்கும்.

சரி, டெஸ்ட் எப்படிப் பாஸ் ஆனது? எங்கள் சோதனைகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் பார்க்கின்றன: உள்ளே வந்த தண்ணீரும் வெளியே போன தண்ணீரும் தேங்கி நிற்கும் தண்ணீரும் கணக்கில் நேராகிறதா? 1.486 இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நேராகும். தண்ணீர் காணாமல் போகாது, தப்பான இடத்தில் நிற்கும், அவ்வளவே. பைசா சுத்தமாகக் கணக்கு நேராகிற, ஆனால் காசு முழுக்க வேறொருவர் பெயரில் இருக்கிற வங்கிப் புத்தகம் மாதிரி.

அன்று மாலை, 1.486 இருக்கும் அந்த ஃபங்ஷனுக்கு, அதாவது அந்த ஒரு கணக்கை மட்டும் செய்யும் நிரல்துண்டுக்கு, நான் மூன்று வருடம் முன்பு எழுதியிருந்த விளக்கத்தை எடுத்துப் பார்த்தேன். "ஓட்டத்தைக் கணக்கிடும். உள்ளீடு: ஆழம், சரிவு, சொரசொரப்பு. வெளியீடு: ஓட்டம்." ஃபங்ஷனின் பெயரே 'ஓட்டத்தைக் கணக்கிடு' என்பதுதான். பெயர்ப்பலகைக்குக் கீழே இன்னொரு பெயர்ப்பலகை மாட்டிவிட்டு, ஆவணம் எழுதிவிட்டதாக நினைத்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது.

பொதுவாக மென்பொருள் ஆவணம் என்றால் எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது பயனருக்கு. நிரலுக்குள் கைவைக்க வருபவருக்கு வேறு வேண்டும். வங்கிச் செயலி எழுதுகிறவருக்கு நிரலைப் படித்தாலே பெரும்பகுதி விளங்கிவிடும். நிரல் என்ன செய்கிறதோ அதுதான் விதி. அறிவியல் மாடல் அப்படி இல்லை. நிரலுக்கு வெளியே ஆறு இருக்கிறது, மழை இருக்கிறது. நிரல் அவற்றைப் பற்றி ஓர் ஊகம் சொல்கிறது. அந்த ஊகத்தை ஏன் தேர்ந்தெடுத்தோம், எது வரைக்கும் அது செல்லும், அதிலுள்ள எண் எந்த ஆற்றங்கரையில் அளந்தது என்பதெல்லாம் நிரலில் இருக்காது. ஒரு பழைய ஆய்வுக் கட்டுரையில் கொஞ்சம் இருக்கும். மீதி யாரோ ஒருவரின் தலைக்குள் இருக்கும். அவர் ஓய்வுபெற்றுப் போயிருப்பார்.

ஸ்விம் இந்த வகையில் கொடுத்துவைத்தது. நீரியல், நீரோட்டவியல், நீரின் தரம் என்று மூன்று தொகுதிகளில் தடிமனான கையேடு போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு சமன்பாடும் எங்கிருந்து வந்தது என்று உட்கார்ந்து சொல்கிறது. எங்களைப் போன்ற சின்னக் கூட்டத்துக்கு அந்த வசதி இல்லை. எங்களுக்கு வாய்த்தது பழைய ஃபோர்ட்ரான் கோப்புகள். அந்தக் காலத் தரவிதிப்படி மாறியின் பெயர் ஆறு எழுத்தைத் தாண்டக்கூடாது, வரி 72ஆம் எழுத்திடத்தோடு நிற்க வேண்டும். ஆறு எழுத்துக்குள் 'மேல்மட்டத்திலிருந்து வரும் பக்கவாட்டு நீர்வரத்து' என்பதை எப்படி அடக்குவது? நான்கு மெய்யெழுத்தும் ஓர் எண்ணுமாக ஒரு புதிர் மிஞ்சும். இன்னொரு கூத்தும் உண்டு: வெளிப்படையாக அறிவிக்காவிட்டால், ஆங்கிலத்தில் ஐ முதல் என் வரையிலான எழுத்துகளில் தொடங்கும் மாறிகள் எல்லாம் முழு எண்கள். நீளத்துக்கு எல் என்று தொடங்கும் பெயரை அப்பாவித்தனமாக வைத்தால் தசமத்துக்குப் பின்னால் இருப்பது சத்தமில்லாமல் காணாமல் போகும். இதை யாராவது புதியவருக்குச் சொல்ல வேண்டும் அல்லவா? "ஃபோர்ட்ரான் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்" என்று எங்கள் குழுவின் மூத்தவர் சொன்னார். ஃபோர்ட்ரான் தெரிந்தவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

நான் ஓரளவுக்கு உருப்படியாக எழுதத் தொடங்கியதற்குக் காரணம் என் அப்பா.

புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். கண்மாய்ப் பாசனம். அப்பாவுக்கு என் பகல் வேலை என்னவென்று இன்றுவரை புரியாது, ஆனால் இரவு வேலை சொன்னதும் புரிந்துவிட்டது. வீடியோ அழைப்பில் ஒருநாள் சொன்னேன்: "கால்வாய்ல தண்ணி எவ்வளவு போகுதுன்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுறோம்பா."

"எவ்வளவுன்னா? நிக்கிற தண்ணியச் சொல்றியா, ஓடுற தண்ணியச் சொல்றியா?"

"ரெண்டும்தான்..."

"ரெண்டும் எப்படிம்மா ஒண்ணாகும்? கண்மாய் நிறைஞ்சு கெடக்கும், மதகுல சொட்டாது."

போனை வைத்த பிறகு நிரலைத் திறந்து பார்த்தேன். 'ஃப்ளோ' என்ற ஒரே பெயர் ஓர் இடத்தில் நொடிக்கு இத்தனை கன அடி என்ற வீதத்தைக் குறித்தது. இன்னோர் இடத்தில் அந்தக் கணக்குப் படியில் சேர்ந்த மொத்தக் கொள்ளளவை. மூன்றாவது இடத்தில், நிலப்பரப்பால் வகுத்து மில்லிமீட்டராக்கிய உயரத்தை. ஆங்கிலத்தில் எழுதும்போது மூன்றையும் ஃப்ளோ என்றே எழுதிக்கொண்டு போகலாம், வாக்கியம் வழுக்கிக்கொண்டு போகும், யாரும் தடுக்க மாட்டார்கள். அப்பாவிடம் தமிழில் சொல்லப்போனால் முதல் சொல்லிலேயே மாட்டிக்கொள்கிறேன். அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தப் பக்கத்தையும் முதலில் தமிழில், அப்பாவுக்குச் சொல்கிற மாதிரி, ஒரு நோட்டில் எழுதுவேன். எங்கே பேனா நிற்கிறதோ அங்கே எனக்கு விஷயம் தெரியவில்லை என்று அர்த்தம். அப்புறம்தான் ஆங்கிலத்தில்.

மழைக்கும் இதே தலைவலி. இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 2100 மில்லிமீட்டர் பெய்கிறது என்று பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி சொல்லிவிடலாம். ஆனால் தட்பவெப்ப மாடல்களின் கோப்பைத் திறந்தால் மழை என்பது சதுர மீட்டருக்கு, நொடிக்கு இத்தனை கிலோகிராம். ஒரு சதுர மீட்டரில் ஒரு கிலோ தண்ணீர் என்றால் ஒரு மில்லிமீட்டர் உயரம். ஆக 86400ஆல் பெருக்கினால் நாளுக்கு இத்தனை மில்லிமீட்டர். ஐரோப்பிய வானிலை மையம் வெளியிடும் ஈஆர்ஏ5 என்ற தரவில் அதே மழை மீட்டரில் இருக்கும். அதிலேயே ஆவியாதலுக்குக் கழித்தல் குறி, ஏனென்றால் அங்கே கீழ்நோக்கி வருவதெல்லாம் கூட்டல், மேல்நோக்கிப் போவதெல்லாம் கழித்தல். எங்கள் நிரலிலோ ஆவியாதல் கூட்டல் எண். இந்த ஒரு குறியை எழுதி வைக்காததால், தரையிலிருந்து தண்ணீர் ஆவியாகி மேலே போவதற்குப் பதிலாக வானத்திலிருந்து கொட்டுகிற கணக்கை ஒருவர் இரண்டு வாரம் ஓட்டிக்கொண்டிருந்தார். பாவம்.

இதைவிட எனக்குப் பிடித்த பிழை ஒன்று உண்டு. பிடித்த பிழை என்று சொல்லலாமா தெரியவில்லை, ஆனால் அது சிங்கப்பூருக்கே உரியது.

1978 டிசம்பர் 2ஆம் தேதி இங்கே ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஓர் ஆண்டு மழையில் ஏறக்குறையக் கால் பங்கு ஒரே நாளில். பெரிய வெள்ளம். பழைய ஆட்கள் இன்னும் பேசுவார்கள். ஒரு பயனர் அந்த வெள்ளத்தை எங்கள் மென்பொருளில் திரும்ப ஓட்டிப் பார்க்க முயன்றார். இங்கே வெள்ளம் என்பது மழையோடு முடிவதில்லை. கால்வாய் கடலில் சேரும் இடத்தில் அலையேற்றம் இருந்தால் தண்ணீர் இறங்காமல் பின்னால் தேங்கும். ஆகவே மழையின் நேரமும் கடல்மட்டத்தின் நேரமும் நிமிடக் கணக்கில் பொருந்த வேண்டும். அவருக்குப் பொருந்தவே இல்லை. கணினியில் அலையேற்றம் எப்போதும் அரைமணி நேரம் தாமதமாக வந்தது. இங்குள்ள சின்ன வடிநிலங்களில், எல்லாம் தாரும் கான்கிரீட்டுமாக இருப்பதால், விழுந்த மழை கால் மணி, அரைமணிக்குள் கால்வாயை அடைந்துவிடும். அரைமணி பிசகினால் உச்சம் போய்விடும்.

அவர் கடல்மட்டத் தரவை உலகப் பொது நேரத்தில் வைத்திருந்தார். மழைத் தரவு உள்ளூர் நேரத்தில். எங்கள் நிரல் சிங்கப்பூர் என்றதும் பொது நேரத்தோடு 8 மணி கூட்டியது. அது இன்றைக்குச் சரி. 1978இல் சிங்கப்பூரின் நேரம் ஏழரை மணி வித்தியாசத்தில் இருந்தது. தீபகற்ப மலேசியா தன் நேரத்தைச் சபா, சரவாக் மாநிலங்களோடு ஒன்றாக்க முடிவு செய்தபோது சிங்கப்பூரும் கூடவே மாறியது. 1981 டிசம்பர் 31 இரவு 11:30 ஆனதும் கடிகாரத்தை 12:00க்குத் தள்ளிப் புத்தாண்டை ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கடைசி அரைமணி நேரம் இந்த ஊரில் நடக்கவே இல்லை. என் எதிர்வீட்டுப் பாட்டியிடம் இதைக் கேட்டேன். "ஆமாம், மாத்தினாங்க. ரேடியோல சொன்னாங்க" என்றார், ஏதோ பால் விலை ஏறிய மாதிரி.

உலக நேர மண்டலத் தரவுத்தளத்தில் இந்த மாற்றம் பதிவாகியே இருக்கிறது. நாங்கள் அதைப் பயன்படுத்தாமல் 8 என்று எழுதியிருந்தோம். திருத்தம் ஒரே வரி. ஆவணப் பக்கம் எழுத எனக்கு மூன்று வாரம் பிடித்தது. ஏனென்றால் 'உள்ளூர் நேரம்' என்ற இரண்டு சொல்லைத் தோண்டத் தோண்டக் கேள்விகள் வந்தன. 10 மணிக்கு 12 மில்லிமீட்டர் என்று பதிவு இருந்தால், அது 9 முதல் 10 வரை பெய்ததா, 10 முதல் 11 வரையா? நாள் நள்ளிரவில் தொடங்குகிறதா, பல ஊர் மழைமானிகளில் செய்வதுபோல் காலையில் அளக்கும் நேரத்திலா? நிரலை எழுதியவருக்கு இதெல்லாம் ஒரு கணத்தில் எடுத்த முடிவு. முடிவு என்றே தெரியாமல் எடுத்த முடிவு. அப்படிப்பட்டவைதான் எழுத்துக்கு வருவதில்லை.

நான் சிங்கப்பூர் வந்த புதிதில் காப்பிக்கடையில் "ஒரு கோப்பி" என்றேன். கெட்டி இனிப்புப்பால் ஊற்றி வந்தது. பால் வேண்டாம் என்றால் 'கோப்பி ஓ', அதிலும் சீனி வேண்டாம் என்றால் 'கோப்பி ஓ கோசோங்', டின்பாலில் இனிப்பில்லாத வகை வேண்டும் என்றால் 'கோப்பி சி'. வெறும் 'கோப்பி' என்றால் என்னவென்று அந்தக் கடையில் எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. கேட்டால் அங்கிளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். கோப்பி என்றால் கோப்பிதானே. நிரலில் 'டிஃபால்ட்' என்று நாங்கள் சொல்வதும் இதுதான்.

எங்கள் டிஃபால்ட்களில் ஆபத்தானது 0.013. பயனர் ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாக் கால்வாய்க்கும் மேனிங் சொரசொரப்பு 0.013 என்று எடுத்துக்கொள்வோம். வழவழப்பான கான்கிரீட்டுக்கு அது நல்ல எண். இந்தத் தீவின் பெரும்பாலான கால்வாய்களுக்குப் பொருந்தும். பீஷானுக்குப் பொருந்தாது. பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆறு ஒரு காலத்தில் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்க்கோடாய்ப் போன கான்கிரீட் கால்வாய். அதை உடைத்து, வளைந்து நெளிந்து 3.2 கிலோமீட்டர் ஓடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். இப்போது கரையில் புல், பாறை, செடி, நீர்நாய்க் குடும்பம். செடி வளர்ந்த கரைக்கு சொரசொரப்பு 0.035 என்று வைத்தால், அதே அகலம், அதே சரிவு, அதே ஆழத்தில் ஓடும் நீர் முன்பு ஓடியதில் நூற்றுக்கு 37தான். மீதி அகலமாகப் பரவியாக வேண்டும். அதற்காகத்தான் பூங்காவின் புல்வெளியையே வெள்ளச் சமவெளியாக விட்டிருக்கிறார்கள். பெருமழையில் பெரிய பரப்பு தண்ணீருக்கு அடியில் போகும், அது திட்டமிட்டதே. இப்படி ஓர் ஆற்றை வரைந்துவிட்டு 0.013ஐ மாற்ற மறந்தால், கணினியில் தண்ணீர் புல்வெளியைத் தொடாமலே கடலுக்கு ஓடிவிடும். படம் அழகாக வரும். விடை தப்பு.

எங்கள் கையேட்டில் இதைப் பற்றி இருந்த வரி: "இயல்பு மதிப்பு: 0.013". உண்மைதான், பயனில்லை. இதை எப்படி எழுதுவது என்று தேடிக்கொண்டிருந்தபோது அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 1967இல் வெளியிட்ட அறிக்கை கண்ணில் பட்டது. 50 ஓடைகள். ஒவ்வொன்றுக்கும் வண்ணப் புகைப்படம், பக்கத்தில் அங்கே அளந்து கண்டுபிடித்த சொரசொரப்பு எண். அவ்வளவுதான். நம் ஓடையைப் பார், படத்தைப் பார், எது மாதிரி இருக்கிறதோ அந்த எண்ணை எடுத்துக்கொள். 0.024இல் தொடங்கி 0.075 வரை போகிறது. பாறாங்கல் பெரிதாகப் பெரிதாக எண் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஓர் எண்ணுக்கு ஊரும் பேரும் முகமும் கொடுப்பது என்றால் இதுதான். நான் படித்த தொழில்நுட்ப ஆவணங்களிலேயே இதைவிட நேர்மையான ஒன்றைப் பார்த்ததில்லை.

அந்த ஞாயிறே தம்பியைக் கூட்டிக்கொண்டு பீஷான் பூங்காவுக்குப் போனேன். படம் எடுத்தோம். கான்கிரீட் இருக்கும் இடம், புல் இருக்கும் இடம், கல் அடுக்கிய இடம். எங்களுக்கு அங்கே அளக்கும் கருவி எதுவும் இல்லை, ஆகவே படத்துக்குக் கீழே "இது எங்கள் மதிப்பீடு, அளந்தது இல்லை" என்று தனியாக எழுதினோம். ஒரு நீர்நாய் குறுக்கே வந்த படத்தையும் தம்பி சேர்த்தான். கூட்டத்தில் அதற்கு மட்டும் ஒரே குரலில் ஒப்புதல்.

கருவிகளைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாவிட்டால் சக நிரலாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆவணத்தை இணையப் பக்கங்களாக்க நாங்கள் ஸ்ஃபிங்ஸ் என்ற கருவியைப் பயன்படுத்துகிறோம், பலரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதைவிட முக்கியம், ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டுகள் உண்மையிலேயே ஓட வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் அதற்கு டாக்டெஸ்ட் என்ற கருவி 2001 முதலே இருக்கிறது; ஆவணத்தில் எழுதிய விடையும் நிரல் தரும் விடையும் ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். மேனிங் ஃபங்ஷனுக்கு இப்போது ஓர் எடுத்துக்காட்டுக் கால்வாய் போட்டிருக்கிறோம், கையால் கணக்குப் போட்டுச் சரிபார்த்தது. இனி 1.486ஐ யார் எடுத்தாலும் அந்த ஆவணப் பக்கமே கத்தும். நிலத்தடி நீருக்கான மாட்ஃப்ளோ 6 மென்பொருளில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள்: ஒவ்வோர் உள்ளீட்டின் வரையறையையும் ஒரு கோப்பில் எழுதி, அதிலிருந்தே உள்ளீட்டுக் கையேட்டையும் அதை இயக்கும் பைத்தான் பகுதியையும் உருவாக்குகிறார்கள். கையேடு ஒன்று சொல்ல நிரல் வேறொன்று சொல்ல வாய்ப்பு குறைகிறது. பார்த்துப் பொறாமைப்பட்டதோடு சரி, எங்களுக்கு அதற்கு ஆள் இல்லை.

ஆள் இல்லாததற்குக் காரணமும் தெரிந்ததே. ஆய்வாளருக்குக் கட்டுரை வேண்டும். கையேடு எழுதினால் பதவி உயர்வு வராது. ஆவணத்தைத் திருத்தி அனுப்பினால் எங்கள் குழுவிலேயே ஒருவர் "இது சும்மா டாக்குமெண்ட்தானே, பார்க்காமலே சேர்த்துடுங்க" என்பார். மரியாதைபோலத் தெரியும், மரியாதை இல்லை. 2016இல் தொடங்கிய திறமூல மென்பொருள் இதழ் ஒன்றில் மட்டும் கதை வேறு. அங்கே மதிப்பாய்வே, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வெளிப்படையாக நடக்கும். நிறுவும் வழி எழுதியிருக்கிறதா, எடுத்துக்காட்டு இருக்கிறதா, பங்களிக்க வருபவருக்கு வழி சொல்லியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக டிக் அடித்த பிறகுதான் ஏற்பார்கள். எங்கள் குழுவினர் அதற்கு விண்ணப்பிக்க முடிவு செய்த மாதம்தான் என் பெயர் அவர்களுக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது.

இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவு இயந்திரத்திடம் கொடுத்தால் எல்லா ஃபங்ஷனுக்கும் இரண்டு நிமிடத்தில் விளக்கம் எழுதித் தருகிறது. தம்பி செய்து காட்டினான். இலக்கணம் சுத்தம். 1.486ஐக் கேட்டால் சரியாகவே சொன்னது; உலகத்துக்கே தெரிந்த எண். அப்புறம் 0.85ஐக் கேட்டோம். மூன்று முறை கேட்டோம், மூன்று காரணம் சொன்னது. மூன்றும் நம்பும்படியாக இருந்தன.

0.85 எங்கள் நிரலில் மதகுப் பகுதியில் இருக்கிறது. கண்மாய்க்காரர்களுக்கு இது எளிது. மதகின் வாய் முழுகாதவரை தண்ணீர் கலிங்கில் வழிவதுபோல வழியும். உயரத்தின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்ப ஓட்டம் கூடும். வாய் முழுகிவிட்டால் அது துளை; உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். "முழுகிடுச்சுன்னா கணக்கே வேறம்மா" என்று அப்பா சொல்வது இதைத்தான். இரண்டு சூத்திரத்துக்கும் நடுவில் திடீரென்று தாவினால் கணக்கு குலுங்கும், ஆகவே வாய் 0.85 பங்கு நிரம்பியதுமே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல மாறத் தொடங்குகிறோம். ஏன் 0.85? ஏன் 0.8 இல்லை, 0.9 இல்லை? பழைய ஃபோர்ட்ரானில் அது வெறும் எண்ணாக நிற்கிறது. பக்கத்தில் கருத்துரை இல்லை. நாங்கள் தேடிய எந்தக் கட்டுரையிலும் இல்லை. எழுதியவர்களில் உயிரோடிருக்கும் ஒருவருக்கு மின்னஞ்சல் போட்டோம். மிக அன்பாகப் பதில் எழுதினார், அவர் சேர்வதற்கு முன்பே அந்த எண் அங்கே இருந்ததாம்.

ஆகவே ஆவணத்தில் இப்படி எழுதினேன்: "இந்த எண் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியாது. 0.80, 0.90 வைத்து எங்கள் மூன்று எடுத்துக்காட்டுகளையும் ஓட்டிப் பார்த்தோம். உச்ச நீர்மட்டத்தில் கண்ணில் படும் வித்தியாசம் இல்லை. உங்கள் மதகு பெரிதாக இருந்தால் நீங்களும் ஓட்டிப் பாருங்கள். காரணம் தெரிந்தால் இதன் கீழே எழுதுங்கள்."

வியாழன் இரவுக் கூட்டத்தில் இதற்கு ஒரு மணி நேரம் சண்டை. அதிகாரபூர்வக் கையேட்டில் 'தெரியாது' என்று எழுதினால் யார் நம்புவார்கள் என்பது ஒரு கட்சி. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதியதால்தானே இத்தனை சிக்கல் என்பது என் கட்சி. நள்ளிரவு தாண்டியும் முடியவில்லை. கடைசியில், அதுவரை வாயே திறக்காத தம்பி, "நான் 1.486ஐ எடுத்தப்போ, தெரியாதுன்னு ஒரு வரி இருந்திருந்தாகூட எடுத்திருக்க மாட்டேன்" என்றான். வரி நின்றது.

ஆறு மாதத்தில் அதன் கீழே ஒரே ஒரு பதில் வந்திருக்கிறது. பிரேசிலில் இதுபோலவே ஒரு வடிகால் மென்பொருளை எழுதிவரும் ஒருவர்: "எங்கள் நிரலிலும் 0.85தான். உங்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் உங்களிடமிருந்து எடுத்தோம்."